வேலிக்குள் இல்லாத வண்டு

பட்டினச்சேரி
26.6.2024

மதிப்பிற்குரிய சம்பந்தி கருப்பையன் அவர்களுக்கு,

விசாலாட்சி எழுதுவது. உங்கள் மருமகள் பாரதி என் வீட்டில் நன்றாக இருக்கிறாள். ஏழாம் மாதம், கால் வீக்கம் இருக்கிறது, பயமில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது.

போன வாரம் போனில் நீங்கள் கத்தினீர்கள், நானும் கத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்து என் மகள் அழுதாள். அங்கே உங்கள் மகன் கார்முகில் ஒரு சட்டம் போட்டுவிட்டார். இனி நாம் இருவரும் போனில் பேசக் கூடாதாம். வாட்ஸ்அப்பும் கூடாதாம், குரலைப் பதிந்து அனுப்பிச் சண்டை போடுவோமாம். எது சொல்வதானாலும் கடிதம் எழுதித்தான் சொல்ல வேண்டுமாம். எழுதினால் பாதிக் கோபம் தீர்ந்துவிடும் என்கிறார். எனக்குத் தீரவில்லை, எழுத எழுத ஏறுகிறது.

அந்தப் பேப்பர் செய்தியை எடுத்து ஒரு தடவை பாருங்கள். ‘காரைக்கால் கருவாட்டுக் களத்தில் புதுவகை வண்டு: ஓய்வுபெற்ற பேராசிரியர் கண்டுபிடிப்பு.’ படத்தில் நீங்கள் மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் என் நெத்திலி காய்கிறது. என் கடைப் பெயர் போட்ட நீலத் தார்ப்பாய், எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

நாகூர் ஷகீல் என் சரக்கை எடுத்து ஊர் ஊராகக் கடைகளுக்குப் போடுகிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்ட முதல் லோடு. லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டுப் போன் செய்தார்.

“என்னக்கா, உங்க களத்துல வண்டாமே?”

“அது வேற வண்டு தம்பி. மணல்ல ஓடுறது. சரக்குக்குள்ள வராது.”

“வண்டுல என்னக்கா வேற வண்டு? பேப்பர்ல போட்டு, படமும் போட்டு, உங்க பேரும் தெரியுது. என் கடைக்காரன் ஒவ்வொருத்தன்கிட்டயும் நான் பாடம் நடத்திக்கிட்டா இருக்க முடியும்?”

கருவாட்டு வியாபாரத்தில் வண்டு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா? சோற்றுக் கடைக்குப் பல்லி என்றால் என்னவோ அதுதான். என் வீட்டுக்காரர் போன பிறகு இந்தத் தொழிலை நான் ஒருத்தியாகக் கட்டினேன். விசாலாட்சி கருவாட்டில் மணலும் இருக்காது, வண்டும் இருக்காது என்ற பேச்சுதான் என் முதல். அதில் நீங்கள் கை வைத்துவிட்டீர்கள்.

அதே பேப்பரில், அதே அளவு எழுத்தில், ‘அங்கே வண்டு கிடையாது’ என்று மறுப்புப் போடச் சொல்லுங்கள். இந்த வாரமே.

இப்படிக்கு,
விசாலாட்சி


புதுச்சேரி
4.7.2024

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் கழித்துத்தான் பதில் எழுத வேண்டும் என்று கார்முகில் சொன்னபடி காத்திருந்து எழுதுகிறேன்.

மறுப்பு வெளியிடச் சொல்வது இயலாத காரியம். செய்தியில் பொய் எதுவும் இல்லை. இல்லாத பொய்யை எப்படி மறுப்பது?

உங்கள் ஷகீல் பயப்படுவது கருவாட்டு வண்டு. அது கறுப்பு, அதன் புழு உடம்பெல்லாம் மயிராக இருக்கும், கிடங்கில், மூட்டைக்குள், இருட்டில் வாழ்ந்து கருவாட்டைத் துளைக்கும். நான் சொல்வது புலிவண்டு இனம். வெயிலில் வாழ்வது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. முதுகு ஈர மணலின் நிறம், அதில் செம்புக் கம்பி வளைத்தது போல இரண்டு கோடுகள். நகர்வதைத்தான் பிடிக்கும். எறும்பு, ஈ, மணல் தத்துப்பூச்சி. காய்ந்து கிடப்பதை அது சீண்டவே சீண்டாது. ஓடும் வேகத்தில் அதன் கண்ணுக்கே எதிரே இருப்பது தெரியாமல் போய்விடும். அதனால் கொஞ்ச தூரம் ஓடி, நின்று, இரை எங்கே என்று பார்த்து, மறுபடி ஓடும். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதை மணலோடி என்று சொல்கிறார்கள். நான் கற்ற எந்தப் பெயரைவிடவும் அது பொருத்தமான பெயர்.

இதன் குஞ்சுப் பருவம் இன்னும் விசேஷம். புழுவாக ஒரு வருடத்துக்கு மேல் மணலுக்குள் செங்குத்தான ஒரு துளையில் குடியிருக்கும். மிதிபட்டால் துளை தூர்ந்துவிடும். திருமலைராஜனாறு கடலில் விழும் முகத்தில், உங்கள் களம் இருக்கும் அந்த ஈர மணல் துண்டில் மட்டுமே நான் இதைப் பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்கு வந்தபோது முதலில் கண்ணில் பட்டது. அதன்பின் நான் அங்கே வந்ததெல்லாம் சம்பந்தி வீட்டு விருந்துக்கு என்றுதான் நினைத்திருப்பீர்கள். வண்டுக்காகவும்தான் வந்தேன்.

அம்மா, நான் வாழ்நாள் முழுவதும் மற்றவர்கள் கண்டுபிடித்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன். கரும்பலகையில் கரப்பான் பூச்சி வரைந்தே ஓய்வு பெற்றேன். என் பழைய மாணவி ஜெமிமா வடக்கே ஓர் அருங்காட்சியகத்தில் வண்டு ஆராய்ச்சி செய்கிறாள். நான் அனுப்பியதைப் பார்த்துவிட்டு, ‘சார், இது எங்கள் பெட்டிகளில் எதிலும் இல்லை’ என்று எழுதியிருக்கிறாள். புழுவையும் அடுத்த பருவத்தையும் பார்த்த பிறகு பெயர் வைக்கலாம் என்கிறாள். இதை விட்டுவிடு என்று நீங்கள் கேட்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்தால் வருத்தப்படுவீர்கள். அந்த மணல் துண்டைப் பாதுகாக்க வேண்டும் என்று வனத்துறையில் மனு கொடுத்திருக்கிறேன். எப்படியும் ஒன்றும் நடக்காது. மனு கொடுப்பது என் கடமை, கொடுத்தேன்.

அன்புடன்,
ச. கருப்பையன்


பட்டினச்சேரி
12.8.2024

சம்பந்தி அவர்களுக்கு,

ஒன்றும் நடக்காது என்று எழுதினீர்களே, நடந்துவிட்டது.

மனு கொடுத்து ரோடு வராத ஊர் இது. மனு கொடுத்து விளக்கு எரியாத ஊர். உங்கள் மனுவுக்கு மட்டும் ஜீப்பில் ஆள் வந்து இறங்கினார்கள். என் களத்தைச் சுற்றிக் கம்பம் நட்டு, பச்சை வலை கட்டி, ‘உள்ளே நுழையக் கூடாது’ என்று பலகை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பலகையில் போட்டிருக்கும் வண்டுப் படம் கோயில் தேர் அளவு இருக்கிறது. சுண்டுவிரல் நகம் என்றீர்கள்.

“எத்தனை நாளைக்குத் தம்பி?” என்று கூட வந்த அதிகாரியைக் கேட்டேன்.

“ஆய்வு முடியிற வரைக்கும்மா.”

“எப்ப முடியும்?”

“ஆரம்பிச்சாத்தானம்மா முடியறதைச் சொல்ல முடியும்.”

அந்தப் பிள்ளை நக்கலாகச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னது. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

வேறு இடத்தில் காயப்போடலாமே என்று நினைப்பீர்கள். எங்கள் கரையில் ஆளுக்கு ஒரு இடம் என்று ஊர்ப் பஞ்சாயத்தார் பிரித்துவிட்டிருக்கிறார்கள். அடுத்தவர் இடத்தில் மீன் காயப்போட நான் ஒரு வலைத்துண்டு விரிக்க முடியாது. மற்றவர்கள் களம் எல்லாம் வடக்கே மேட்டில், காய்ந்த மணலில். ஆற்று முகத்து இடத்தை யாரும் கேட்கவில்லை, தண்ணீர் ஏறும் என்று. பொம்பளைக்கு அது போதும் என்று எனக்குத் தள்ளினார்கள். முள் வெட்டி, மேடாக்கி, அதைக் களமாக்கியவள் நான். இன்னொரு கட்டுப்பாடும் இருக்கிறது. தை பிறந்து அந்த மாதம் முடிவதற்குள் வலை விரிக்காமல் ஒரு இடம் சும்மா கிடந்தால், ஊர் அதை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடும். வேலி போட்டது யார், மனு போட்டது யார் என்றெல்லாம் ஊர் கேட்காது. விரித்தாயா, விரிக்கவில்லையா, அவ்வளவுதான்.

இப்போதைக்கு வரிச்சிக்குடியில் ஒரு நெல் களத்தை வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். கரையிலிருந்து மீனை வேனில் ஏற்றி, வயலுக்கு நடுவில் காயப்போடுகிறேன். உலகத்தில் யாரும் செய்யாத வேலை. அங்கே கடல்காற்று இல்லை, நெத்திலி காயாமல் வேகிறது. முதல் நாளே பக்கத்து வயல்காரர் வந்து நின்றார்.

“ஏம்மா, எங்க வீட்டுல சோறு, சாம்பார், மோரு எல்லாம் கருவாடு மணக்குது. நாங்க சைவம்.”

“கொஞ்ச நாள்தான் அண்ணே.”

“எங்க வீட்டு மாடு தண்ணி குடிக்க மாட்டேங்குதும்மா.”

மாட்டுக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஷகீல் வேறு ஆளிடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். தை முடிவதற்குள் என் இடம் எனக்கு வேண்டும். நீங்கள் போட்ட வேலி, நீங்களே எடுங்கள்.

விசாலாட்சி


புதுச்சேரி
23.9.2024

சம்பந்தியம்மாவுக்கு,

பேத்தியைப் பார்க்க வந்த இடத்தில் எதுவும் பேசக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு வந்தேன். இப்போது எழுதுகிறேன்.

விடிந்ததும் நான் தனியாக வேலிக்குப் போனது உங்களுக்குத் தெரியும். முன்பே வாங்கி வைத்திருந்த சாவியால் வேலிக் கதவைத் திறந்து உள்ளே போனேன். வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு வண்டு இல்லை. ஒன்றுகூட இல்லை. போன வருடம் இதே பருவத்தில் கால் வைத்தால் காலுக்கு முன்னால் சிதறி ஓடும் இடம் அது.

வேலி ஓரமாக வெள்ளைப் பொடி கோடு கோடாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. உங்கள் நஷ்டமும் புரிகிறது. ஆனால் வாயில்லாத ஒரு பூச்சியின் மேல் மருந்துப் பொடியைத் தூவித் தீர்த்துக்கொள்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை. அருங்காட்சியகத்துக்கு நான் என்ன பதில் எழுதுவேன்?

பேத்தி அழகாக இருக்கிறாள். கண் பாரதியுடையது.

ச. கருப்பையன்


பட்டினச்சேரி
27.9.2024

கருப்பையன் வாத்தியாருக்கு,

இரண்டு நாள் காத்திருந்து எழுத வேண்டும் என்பது உங்கள் வீட்டுச் சட்டம். நான் கடிதம் வந்த அன்றைக்கே எழுதுகிறேன்.

அது உப்பு.

வரிச்சிக்குடிக்கு மாற்றும்போது பழைய வலைகளை உதறினோம், மீன் உப்பு கொட்டியது. உப்பு. நாக்கில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். என் வீட்டுக்கு வந்து, என் மகளுக்குப் பிறந்த பிள்ளையைக் கொஞ்சிவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வஞ்சிரக் குழம்பு வைத்து இலை போட்டும் உட்காராமல் பஸ் ஏறிப் போனீர்கள். கோபத்தை மனசில் வைத்துக்கொண்டு என் பிள்ளையின் பிள்ளையைத் தூக்கினீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பொடி போடுகிறவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். எனக்குத் தெரியும், யார் யார் என்று சொல்லவும் முடியும். ஈ உட்காராமல் இருக்கத் தூவி, பளபளவென்று மூட்டை கட்டி அனுப்புவார்கள். அவர்கள் சரக்கில் ஈயும் உட்காராது, பூனையும் வாய் வைக்காது. என் களத்தில் அது ஒரு சிட்டிகை விழுந்ததில்லை. நட்டம் வந்த வருசத்திலும் விழுந்ததில்லை. என் பேத்தி நாளைக்குச் சோற்றில் பிசைந்து தின்னப் போவது இந்தக் கருவாட்டைத்தான்.

வண்டு இருக்கிறது என்று எழுதி என் சரக்கைத் திருப்பினீர்கள். வேலி போட்டு என் இடத்தைப் பறித்தீர்கள். அதையெல்லாம்கூட, படித்த மனுஷர், வெளியுலகம் தெரியாது என்று விட்டுவிடலாம் என்று இருந்தேன். விசாலாட்சி பொடி போடுகிறவள் என்று எழுதிய கையை என்னால் விட முடியாது. அந்தக் காகிதத்தை நான் பாரதிக்குக் காட்டவில்லை. காட்டினால் அவள் புதுச்சேரிக்குத் திரும்ப மாட்டாள்.

உங்கள் வண்டு எங்கே போனது என்று என்னைக் கேட்காதீர்கள். வேலி உங்களுடையது, வண்டும் உங்களுடையது. நான் வரிச்சிக்குடியில் மாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

விசாலாட்சி


புதுச்சேரி
14.10.2024

சம்பந்தியம்மாவுக்கு,

நான் மறுபடி வந்து போனேன். உங்களுக்குச் சொல்லவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. வருவதற்கு முகம் இல்லை.

உப்புதான். வாயில் வைத்துப் பார்த்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதினால் சின்ன வார்த்தையாக இருக்கிறது, அதைவிடப் பெரிய வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள்.

வேலிக்குள் இந்தத் தடவை வண்டைத் தேடவில்லை. வண்டு தின்பதைத் தேடினேன். ஈ இல்லை. எறும்பும் இல்லை. நெத்திலி காயும்போது செதிலும் தூளும் சிந்தும். அதற்கு ஈயும் எறும்பும் வரும். அவற்றுக்கு வண்டு வரும். நான் புகைப்படம் எடுத்த நாளெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் கருவாடு காய்ந்தது. நான் ஒருநாள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டைக் காப்பாற்ற மீனை விரட்டினேன், மீனோடு ஈ போனது, ஈயோடு வண்டு போனது.

இது போதாதென்று வேலிக் கம்பம் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கரிச்சான் குருவி. வெட்டவெளியாகக் கிடந்த மணலில் அதற்கு உட்கார இடமே இல்லாமல் இருந்தது. இப்போது நான் கம்பம் நட்டுப் பந்தி விரித்துக் கொடுத்திருக்கிறேன். மிச்சம் இருந்த வண்டுகளை அவை உட்கார்ந்து பொறுக்கித் தின்றிருக்கும். மண்ணுக்குள் இருக்கும் புழுக்கள் மட்டும் பிழைத்திருக்கலாம். அவை பல மாதம் பட்டினி தாங்கும்.

அங்கிருந்து நேராக வனத்துறை ஆபீசுக்குப் போனேன். வேலியை எடுக்கச் சொன்னேன்.

“சார், வண்டு இருக்கா, இல்லையா?” என்று கேட்டார் அந்த அதிகாரி.

“இப்ப இல்லை. வேலியை எடுத்தா வரும்.”

“வண்டு இருக்குன்னுதான சார் வேலி போட்டோம். வேலியை எடுத்தாதான் வண்டு வரும்னு ஃபைல்ல எப்படி எழுதறது? மேல இருக்கறவங்க என்னைப் பைத்தியம்பாங்க.”

“உண்மை அதுதானப்பா.”

“நீங்க ஒண்ணு பண்ணுங்க. வண்டு இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, எடுத்துடறோம். இருக்குன்னா, வேலி இருக்கட்டும்.”

நான் எழுதிக் கொடுக்கவில்லை. பேனாவைத் திறந்து, மூடிவிட்டு வந்துவிட்டேன். கண்டுபிடித்தவனே இல்லை என்று கையெழுத்துப் போட்டால் ஜெமிமா அதன் மேல் எதையும் கட்ட முடியாது. என் பெயரில் உலகத்தில் நிற்கப் போவது அது ஒன்றுதான், அம்மா. சிறுபிள்ளைத்தனமாகத்தான் இருக்கிறது. அடுத்த கோடை வரை எனக்கு அவகாசம் கொடுப்பீர்களா?

ச. கருப்பையன்


பட்டினச்சேரி
20.10.2024

சம்பந்தி அவர்களுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. அடுப்பில் போட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. மார்கழி வரை எப்படியும் யாரும் எதுவும் காயப்போட முடியாது. அதுவரை உங்கள் வேலி எனக்குப் பாரம் இல்லை. ஆனால் அடுத்த கோடை என்று கேட்கிறீர்களே, தைக்கும் கோடைக்கும் நடுவில் ஊர் என்று ஒன்று இருக்கிறது. நான் தையில் வலை விரிக்காவிட்டால் அந்த இடம் யாருக்குப் போகும் தெரியுமா? வடக்குத் தெருவில் இரண்டு பேர் இப்போதே பஞ்சாயத்தார் வீட்டுக்கு நடக்கிறார்கள். அதில் ஒருவருக்கு ஐஸ் வண்டி நிறுத்தச் சிமெண்டுத் தளம் போட வேண்டுமாம். சிமெண்டில் உங்கள் புழு துளை போடுமா?

அவகாசம் கேட்டிருக்கிறீர்கள். நான் வியாபாரி, என் வழியில்தான் சொல்வேன். உங்கள் கையில் இருப்பதில் ஒன்றை விட்டால்தான் இன்னொன்று நிற்கும். பேரை வைத்துக்கொண்டு வண்டை விடுகிறீர்களா, வண்டை வைத்துக்கொண்டு பேரை விடுகிறீர்களா? இரண்டையும் இழுத்துப் பிடித்தால் எனக்குக் களமும் போகும், உங்களுக்கு அந்த இரண்டும் போகும்.

உங்களுக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ‘என் பெயரில் நிற்கப் போவது அது ஒன்றுதான்’ என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு வெகு நேரம் எரிச்சலாக இருந்தது. எனக்கும் அந்தக் களம் ஒன்றுதான்.

பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாயிற்று. நன்றாக அழுதாள்.

விசாலாட்சி


புதுச்சேரி
6.1.2025

சம்பந்தியம்மாவுக்கு,

எழுதிக் கொடுத்துவிட்டேன். ‘மேற்படி இடத்தில் நான் குறிப்பிட்ட வண்டு தற்போது இல்லை என்று இதன்மூலம் தெரிவிக்கிறேன்.’ ‘தற்போது’ என்ற சொல்லை வைத்துக்கொள்ள அந்த அதிகாரியோடு அரைமணி நேரம் வாதாடினேன். கடைசியில் அவர் அதை அடித்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார். ஃபைலில் குழப்பம் வருமாம்.

ஜெமிமாவுக்கும் எழுதிவிட்டேன். ‘சார், அந்த இடத்தில் வண்டே இல்லை என்று நீங்களே சொன்ன பிறகு நான் பெட்டியை மூடி வைப்பதுதான் சரி’ என்று பதில் போட்டிருக்கிறாள். அவள் சொல்வது சரி. அப்படித்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

பொங்கலுக்குள் கம்பத்தைப் பிடுங்கிவிடுவார்கள். வலை விரியுங்கள். இதற்கு நன்றி என்று எதுவும் எழுத வேண்டாம், எனக்குப் படிக்கும் மனநிலை இல்லை.

ச. கருப்பையன்


பட்டினச்சேரி
17.3.2025

சம்பந்தி அவர்களுக்கு,

நன்றி எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதவில்லை. பாரதியும் பிள்ளையும் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு இங்கே கடிதம் எழுது என்று சொல்லவும் ஆள் இல்லை. இப்போது எழுதுவது வேறு விஷயம், வேண்டா வெறுப்பாக எழுதுகிறேன்.

தை இரண்டாம் வாரம் வலை விரித்தேன். வரிச்சிக்குடி மாடு இனி நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கும். கடலில் நெத்திலி நன்றாகப் படுகிறது. மாசி கடைசியில் ஒருநாள் களத்தில் புரட்டிப் போடும் ஆரோக்கியசெல்வி, “அக்கா, வாத்தியார் பூச்சி வந்திருச்சு” என்று கத்தினாள். போய்ப் பார்த்தேன். வலைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது. ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஓர் ஈயைக் கவ்விக்கொண்டு போனது. நீங்கள் இல்லை என்று கையெழுத்துப் போட்ட இடத்தில், உங்களைக் கேலி செய்கிற மாதிரி.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இப்போதுதான் ஷகீலை மறுபடி வரவழைத்திருந்தேன். வண்டு இல்லை என்று வாத்தியாரே எழுதிக் கொடுத்துவிட்டார் என்று சொல்லித்தான் வரவழைத்தேன். சரக்குப் பார்க்க நேற்றுக் களத்துக்கு வந்தார். வந்தவர் கருவாட்டைப் பார்க்காமல் மணலைப் பார்க்கிறார்.

“என்னக்கா அது, ஏதோ ஓடுது?”

நண்டுக் குஞ்சு என்று சொல்லியிருக்கலாம். நாகூர்க்காரரானாலும் அவர் கிடங்கு ஆள், நம்பியிருப்பார். வாய் வரைக்கும் வந்தது.

“வண்டு,” என்றேன்.

“எந்த வண்டு?”

“பேப்பர்ல வந்துச்சே, அதான்.”

“இல்லைன்னு எழுதிக் குடுத்தாச்சுன்னீங்களே!”

“அப்ப இல்ல. இப்ப இருக்கு. வலை விரிச்சா வருது, எடுத்தா போவுது. ஈ மொய்க்காத சரக்கு வேணும்னு கேக்குறது நீங்கதான தம்பி? பொடியும் போடக் கூடாதும்பீங்க. ஈயை யாரு பிடிக்கிறான்னு நெனச்சீங்க?”

“இதுதான் பிடிக்குதா?”

“பிடிக்கிறவரைக்கும் பிடிக்குது. மிச்சத்தை நாங்க விசிறி வெரட்டுறோம்.”

அவர் ஒரு நெத்திலியை எடுத்து ஒடித்தார். மோந்தார். தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு மென்றார். அந்த நேரத்தில் உங்களை மனசுக்குள் எவ்வளவு திட்டினேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

“ஏத்துங்க,” என்றார். “கடைக்காரங்ககிட்ட நான் வாயைத் திறக்க மாட்டேன். நீங்களும் திறக்காதீங்கக்கா.”

“கேட்டா சொல்லுவேன் தம்பி.”

தலையில் அடித்துக்கொண்டே வேனில் ஏறினார். முன்பு எடுத்ததில் பாதிதான் எடுத்திருக்கிறார். மீதியை எடுப்பாரா மாட்டாரா என்று எனக்கு இன்னும் தெரியாது.

நான் ஷகீலிடம் சொல்லியாகிவிட்டது. இனி மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் உங்கள் ஜெமிமாவுக்கு எழுதுங்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். இடம் பட்டினச்சேரி, விசாலாட்சி களம் என்று பேர் சொல்லியே எழுதுங்கள். கருவாடு காய்கிற இடத்தில்தான் இருக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அதை விட்டுவிட்டால் மறுபடி கம்பத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வந்தால் இந்தத் தடவை வேலிக்கு முன்னால் நான் நிற்பேன், பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டும். அதற்கு ஒத்துக்கொண்டால் எழுதுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

உங்கள் புழுத் துளையும் இருக்கிறது. ஈர்க்குச்சி நுழைகிற மாதிரி, வட்டமாக, ஓரமெல்லாம் சுத்தமாக. இன்றைக்குக் காலையில் வேலையை ஆரோக்கியசெல்வியிடம் விட்டுவிட்டு ஒரு துளைக்கு முன்னால் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து ஒரு தலை ஏறிவந்து, மூடி போட்ட மாதிரி துளையை அடைத்துக்கொண்டது. நன்றாகப் பார்க்கலாம் என்று குனிந்தேன். என் நிழல் பட்டதும் உள்ளே விழுந்துவிட்டது. காத்திருந்தேன். மறுபடி வந்தது. முந்தானை காற்றில் பறந்தது, போய்விட்டது. மூன்றாவது தடவை நான் மூச்சுக்கூட விடவில்லை, தும்மல் வந்துவிட்டது.

“வெளிய வந்து மூஞ்சியக் காட்டேன், சனியனே! உன்னால நான் எத்தனை பேருக்குப் பதில் சொல்றது?” என்று அந்தத் துளைக்குள் கத்தினேன். களத்துப் பெண்கள் மீனைப் போட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள்.

இந்தப் பொறுமை எனக்குக் கிடையாது சம்பந்தி. நீங்களே வந்து உட்காருங்கள். பேத்தியையும் தூக்கிக்கொண்டு வாருங்கள். முதல் பஸ்ஸில் ஏறினால்தான் சரிப்படும். வெயில் ஏறினால் மணல் சுடும். வண்டுக்குக் கால் நீளம், உடம்பைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, நமக்கு முடியாது.

விசாலாட்சி